மெனுவில் மூன்றாவது வரி

ஜூலை 8, சனி

06.42 மின்தடை. 06.44 வந்தது. 06.45 மறுபடி போனது. 06.47 வந்த வேகத்தில் போனது. 06.58 முதல் நிலையாக இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் மின்சார இலாகாவில் லாக் புக் எழுதிய கை. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகியும் கரண்ட் போனால் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போகிறது. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனி மாதக் காற்று. தெரு முனையில் ஒரு தென்னை மட்டை ஒயர்மேல் விழுந்து ஊசலாடிக்கொண்டிருந்தது. மாடியில் நின்று பார்த்தேன். லைன்மேன்கள் பத்து நிமிடத்தில் வந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். குறை சொல்ல இடம் வைக்கவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

கரண்ட் போனபோது கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தேன். இப்போது அது திறக்கவில்லை. கறுப்புத் திரை, மேலே இரண்டு வரி ஆங்கிலம், கீழே ‘ரெஸ்க்யூ’ என்று ஒரு சொல், அதன் பக்கத்தில் மினுக்கிக்கொண்டே ஒரு கோடு. காப்பாற்று என்று அதுவே என்னிடம் கேட்கிறது. நான் யாரிடம் கேட்பது?

கூடத்தில் என் மனைவி வசுமதியின் படத்துக்கு முன்னால் இருக்கும் சிவப்பு பல்பு மட்டும் கடைசிவரை அணையவில்லை.

ஜூலை 9, ஞாயிறு

ஆறு தடவை அணைத்து ஆறு தடவை போட்டேன். அதே கறுப்பு.

இந்தக் கம்ப்யூட்டர் வாங்கியது 2013-ல். வாங்கியது என்ன, வசுமதி பாகம் பாகமாக வரவழைத்து இந்த மேசையிலேயே பூட்டியது. பெண்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஸ்க்ரூ டிரைவரை என்னைவிட நன்றாகப் பிடிப்பாள். ஒரே பெட்டிக்குள் இரண்டு கம்ப்யூட்டரை வைத்தாள். எனக்கு விண்டோஸ், அவளுக்கு லினக்ஸ்.

“ஒரு பெட்டிக்குள்ள எப்படி ரெண்டு இருக்கும்?” என்று கேட்டேன்.

“சங்கரன்கோயில்ல பொறந்துட்டு இதைக் கேக்குதீங்களே. நம்ம கோயில்ல சங்கரநாராயணர் எப்படி நிக்காரு? பாதி சிவன், பாதி பெருமாள். உடம்பு ஒண்ணுதான? அப்படித்தான் இதுவும்” என்றாள்.

வகுப்பிலும் இதையேதான் சொல்லிக்கொடுத்தாள் என்று பிறகு தெரிந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையே இல்லை.

சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒரு பட்டியல் வரும். மெனு என்பாள். மூன்று வரி இருக்கும். பத்து விநாடி நிற்கும். எதையும் தொடாவிட்டால் தானாக என் பக்கம் திறந்துகொள்ளும். தன் பக்கம் போக வேண்டுமானால் அவள்தான் அம்புக்குறியை அழுத்த வேண்டும். நான் மறந்துவிடுவேன் என்று எனக்கு வேலையே இல்லாமல் அமைத்து, சிரமத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஒன்பது வருடம் தினமும் அழுத்தினாள்.

அவள் பக்கத்தை நான் ஒரு தடவையும் திறந்ததில்லை. அவள் போன பிறகும்.

ஜூலை 10, திங்கள்

ரஹ்மத் நிஷா போன் செய்தாள். வசுமதியின் பழைய மாணவி. இப்போது ராஜபாளையம் சாலையில் இ-சேவை மையம் நடத்துகிறாள். ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், 30-ம் தேதி, பள்ளியில் பழைய மாணவிகள் கூடுகிறார்களாம். தபசுக்கு எப்படியும் எல்லோரும் ஊருக்கு வருவார்கள் என்ற கணக்கு.

“டீச்சர் ஒவ்வொரு செட்டையும் போட்டோ எடுத்து வச்சிருந்தாங்கள்லா சார், அத்தனையையும் பெருசா திரையில காட்டணும். கம்ப்யூட்டர்ல அவங்க பக்கத்துல இருக்கும்னு நெனைக்கேன். எடுத்துத் தருவீங்களா?”

“ம்” என்றேன்.

கம்ப்யூட்டர் செத்துக் கிடக்கிறது என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று தெரியவில்லை. பெட்டியை ஆட்டோவில் ஏற்றி நாளை கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஜூலை 11, செவ்வாய்

கடைக்காரர் ஜெபராஜ் கெட்டிக்காரர். அரை மணி நேரத்தில் நோயைச் சொல்லிவிட்டார். கரண்ட் வந்து வந்து போனதில் வசுமதி பக்கம் அடிபட்டிருக்கிறது. என் பக்கத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மெனு இருப்பது அவள் பக்கத்தில். அது எழுந்தால்தான் என் பக்கத்துக்கு வழி.

“ஆக, வாசல் அவ பக்கம்?” என்றேன்.

“ஆமா அண்ணாச்சி. இப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல. உங்களுக்குத் தனியா ஒரு வாசல் வச்சிருதேன். மெனு கினு ஒண்ணும் வராது. சுவிட்சப் போட்டா நேரா விண்டோஸ். பத்து நிமிச வேலை. அந்தப் பக்கத்துல உள்ள போட்டோவயும் காப்பி பண்ணித் தந்துருதேன். பெறகு அந்த இடம் சும்மாதான கெடக்கப் போகுது, அழிச்சிருவோம்.”

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. என் பக்கம் திறக்கும். போட்டோ கிடைக்கும். வேறென்ன வேண்டும்?

பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஜெபராஜ் கடை வாசல்வரை வந்து, “அண்ணாச்சி, நான் எதுவும் தப்பா சொல்லிட்டேனா?” என்று கேட்டார். பாவம், அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்

காலையில் குளித்துவிட்டு வரும்போது தலை கிறுகிறுத்தது. பித்தம். எலுமிச்சம்பழம் பிழிந்து குடித்தேன்.

ஜூலை 15, சனி

மீனா புனாவிலிருந்து பேசினாள். மகள் என்றாலும் பேச்சு முழுக்க அம்மாவுடையது.

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டீங்களா? மாத்திரை போடுதீங்களாப்பா?”

“ம்.”

“இந்த ‘ம்’முக்கு அர்த்தம் கண்டுபிடிக்க அம்மாவாலயே முடியல” என்று சிரித்தாள்.

இந்த ‘ம்’முக்காக எத்தனை சண்டை! எங்கள் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன்னால் சப்ஸ்டேஷனில் சொல்லி லைனை நிறுத்தி வாங்க வேண்டும். வாங்கியவன் யாரோ அவனேதான் வேலை முடிந்ததும் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். “ஆட்கள் எல்லாரும் எறங்கியாச்சு, எர்த் எடுத்தாச்சு, லைனை ஏத்தலாம்” என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்வார். அங்கே ‘ம்’ என்பது பதிலே இல்லை. ‘ம்’ என்று சொல்லி லைனை ஏற்ற விட்டால் மேலே இருப்பவன் கருகிவிடுவான். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தடவைகூட அரைகுறையாகப் பதில் சொன்னதில்லை.

வசுமதி இதைத்தான் சொல்லிக் காட்டுவாள். “சப்ஸ்டேஷன்காரருக்கு முழுசா பதில் சொல்லுதீங்க. எனக்கு மட்டும் ‘ம்’மா? நான் கேக்கது மட்டும் கேள்வி இல்லையா?”

அதற்கும் ‘ம்’ என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஜூலை 17, திங்கள்

ரஹ்மத் வீட்டுக்கே வந்துவிட்டாள். பதினைந்து வயதில் இரட்டைச் சடையோடு இந்தக் கூடத்தில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதியவள், முப்பத்தெட்டு வயதில் கையில் பென்டிரைவோடு நிற்கிறாள். ஜெபராஜ் சொல்லியிருக்கிறார். சின்ன ஊர், நாம் தும்மினால் அடுத்த தெருவில் சுக்கு அரைப்பார்கள்.

“ஏன் சார் என்கிட்ட சொல்லல?” என்றவள், பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள். “யு.பி.எஸ். எங்க சார்? டீச்சர் யு.பி.எஸ். இல்லாம சுவிட்சையே தொட விடமாட்டாங்களே.”

“பேட்டரி போயிட்டு” என்றேன்.

அவள் கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

பென்டிரைவைச் செருகினாள். அதிலிருந்தே தற்காலிகமாக ஒரு லினக்ஸ் எழும்புமாம், லைன் போனால் ஜெனரேட்டர் போடுவது மாதிரி. அதில் நின்றுகொண்டு வசுமதி பக்கத்துக்குள் போகலாம்.

“பாஸ்வேர்டு எனக்குத் தெரியாதே, தாயி.”

“பாஸ்வேர்டு வாசல்ல நிக்குத வாட்ச்மேன் சார். நாம கூரை வழியா எறங்குதோம்.”

இறங்கினோம். இருபத்தொரு செட்டுப் பிள்ளைகளும் உள்ளே பத்திரமாக இருந்தார்கள். 1999-லிருந்து 2019 வரை. முதல் சில வருடங்கள் பிலிம் கேமராவில் எடுத்ததை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறாள். எல்லாம் ஒரே இடம், பள்ளிக் கிணற்றுக்குப் பக்கத்தில் மஞ்சள் சுவர். தாவணி சுடிதாராகிறது. சடையில் வெள்ளை ரிப்பன் பச்சையாகிறது, பிறகு காணாமல் போகிறது. சுவரில் மட்டும் அதே விரிசல், வருடத்துக்கு ஒரு விரற்கடை வளர்ந்துகொண்டே போகிறது.

“இது நான்” என்று ரஹ்மத் விரலால் தொட்டாள். முதல் வரிசை, இடமிருந்து மூன்று. முறைத்துக்கொண்டு நிற்கிறாள். “அன்னைக்கு எனக்குப் பிராக்டிகல்ல மார்க் குறைஞ்சிட்டுன்னு கோவம். சிரின்னாங்க. சிரிக்கமாட்டேன்னேன். சரி, பெறகு நீயே பாத்துச் சிரிப்பன்னாங்க.”

சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தொரு படத்திலும் வசுமதி இல்லை. எடுத்தவள் அவள்தானே. ஆனால் காலை வெயில் அவள் முதுகில் விழுந்திருக்கிறது. எல்லாப் படத்திலும் பிள்ளைகளின் காலடியில் ஒரு நிழல், இரண்டு முழங்கையும் விரிந்து, தலை கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து. முதல் படத்தில் மெலிந்த நிழல். கடைசிப் படத்தில் கொஞ்சம் கூனல். நிழலுக்கும் வயதாகியிருக்கிறது. நான் பிள்ளைகளைப் பார்க்கவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ரஹ்மத் சொன்னாள். “போட்டோ வந்துட்டு. இனி இதைச் சரி பண்ண ரெண்டு வழி இருக்கு சார். அடிபட்டதைத் துருவித் துருவிச் சரி பண்ணலாம், சரியாகும்னு உறுதி இல்ல. இல்லன்னா சுத்தமா அழிச்சுட்டு ரெண்டையும் புதுசா போட்டுரலாம். மெனு புதுசா பளிச்சுன்னு வரும். அதான் சுலபம். போட்டுரட்டுமா?”

“வேண்டாம்!”

நான் கத்தியது எனக்கே கேட்டது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

“பின்ன என்னதான் சார் வேணும் உங்களுக்கு?”

நல்ல கேள்வி. ஜெபராஜ் கடையில் என்னை நானே கேட்டுக்கொண்டதும் இதைத்தான். அவள் முகம் சுருங்கி, “போயிட்டு வாரேன் சார்” என்று கிளம்பிவிட்டாள். காப்பிகூடக் கொடுக்கவில்லை நான்.

ஜூலை 18, செவ்வாய்

மறுபடி கிறுகிறுப்பு. பிடரியில் ஒரு இடி. படுத்தே கிடந்தேன்.

ஜூலை 19, புதன்

பொய் எழுதி வைத்தால் லாக் புக் எதற்கு? திருத்தம் எழுதுகிறேன்.

யு.பி.எஸ். பேட்டரி போகவில்லை. வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, கூடத்தில். வசுமதி படத்துக்கு முன்னால் உள்ள சிவப்பு பல்பு அதில்தான் எரிகிறது.

போன வருடம், அவள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய சாயங்காலம். மழை வந்தது, கரண்ட் போனது, அந்த பல்பும் அணைந்தது. வீட்டில் நானும் இருட்டும்தான். இந்த ஊரில் எத்தனை ஆயிரம் வீடுகளுக்கு விளக்கு வரவைத்திருப்பேன். அவள் முகத்துக்கு ஒரு பூஜ்யம் வாட் பல்பைத் தர என்னால் முடியவில்லை. மறுநாள் காலையிலேயே யு.பி.எஸ்ஸைக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிக் கூடத்தில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் ஒரு விநாடிகூட அணைந்ததில்லை.

ஊரெல்லாம் கரண்டைப் பற்றி யோசனை சொன்ன இந்தப் போர்மேன், கம்ப்யூட்டரை வெறும் பிளக்கில் ஓட்டினான். அவள் பக்கத்தை அடித்துப் போட்டது காற்றும் இல்லை, தென்னை மட்டையும் இல்லை. நான்தான்.

ஜூலை 20, வியாழன்

ரஹ்மத்திடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். இ-சேவை மையத்துக்கு ஆறு படி. நான்காவது படியில் உலகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரஹ்மத் மையத்தைப் பூட்டிவிட்டு, வரிசையில் நின்றவர்களிடம் “நாளைக்கு வாங்க” என்று சொல்லிவிட்டு, என்னை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மீட்டரைப் பார்த்து, மறுபடியும் காற்றடித்துப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. எனக்கு வோல்டேஜ் என்றால் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் இதுவும் தெரிந்துவிட்டது.

“பி.பி. மாத்திரை போடுதீங்களா?”

“ம்” என்று ஆரம்பித்தேன். ரஹ்மத் என்னைப் பார்த்தாள். “இல்ல” என்றேன்.

“எத்தனை நாளா?”

“பன்னெண்டு நாளா.”

“ஏன் நிறுத்துனீங்க?”

“கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இன்று என்ன கிழமை, உங்கள் பெயர் என்ன, எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வியாழன், கோமதிநாயகம், சங்கரன்கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் முழுசாகப் பதில் சொன்னேன். இரண்டு மணி நேரம் படுக்கவைத்துத்தான் விட்டார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ரஹ்மத்திடம் சொன்னேன். ஒருவரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

மெனுவில் முதல் வரி என் பக்கம். இரண்டாவது வரி அவள் பக்கம். மூன்றாவது வரி எதையும் திறக்காது. அழுத்தினாலும் திரும்ப மெனுவிலேயே வந்து நிற்கும். அது வசுமதியின் கரும்பலகை. பள்ளியில் பலகை ஓரத்தில் நாளைய வீட்டுப் பாடத்தை எழுதிப் போடுவது மாதிரி, எனக்கு ஒரு வரி எழுதிப் போடுவாள். ஆங்கில எழுத்தில் தமிழ். நான் ஏழு மணிக்குள் கம்ப்யூட்டரைப் போடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பேசிச் சொன்னால் ‘ம்’ என்பேன் என்பதும் தெரியும். அவள் கடைசியாக எழுதிப் போட்டது, “பி.பி. மாத்திரை போட்டாச்சா?”

பதினான்கு மாதமாகத் தினமும் காலையில் சுவிட்சைப் போடுவேன். பத்து விநாடி அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு என் பக்கம் திறந்துகொள்ளும். எனக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுவிட்டு வந்து அணைத்துவிடுவேன். அதற்காகத்தான் கம்ப்யூட்டர். ஜெபராஜ் மெனு வராது என்றாரே, அந்த மெனு மட்டும்தான் எனக்கு வேண்டும்.

ரஹ்மத் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும், “இதை மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா சார்?” என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 21, வெள்ளி

மாத்திரை போடச் சொல்லி ரஹ்மத் ஏழு மணிக்குப் போன் செய்தாள். போட்டேன்.

ஜூலை 22, சனி

காலை ஒன்பது மணிக்கு வந்தவள் சாயங்காலம் நாலு மணிவரை விடவில்லை. அழிக்கவில்லை. துருவினாள். டிஸ்க்கில் கிழிந்த இடங்களைப் பென்டிரைவில் இருந்த லினக்ஸ் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் தைத்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் “சரி செய்யவா?” என்று கேட்கும். ரஹ்மத் “ஆம்” என்று அழுத்துவாள். கொஞ்ச நேரம் கழித்து நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினேன்.

மதியம் இருவரும் எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். நான் செய்ததுதான். “உப்பு இல்லையே சார்” என்றாள். “டாக்டரம்மா சொல்லிருக்காங்கள்லா” என்றேன்.

இரண்டரை மணி வாக்கில் அவள், “சார், இங்க பாருங்க” என்றாள்.

மெனுவுக்குரிய கோப்பு. அதில் ஒரு எழுத்தும் கெடவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்கள் பழைய வரியை அழிக்க மாட்டார்களாம். முன்னால் # என்று ஒரு வேலிக் குறி போட்டு விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, மனிதர்கள் படிக்கலாம். டீச்சர் இதை அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள் ரஹ்மத். பழசை அழிக்காதே, தேதி போடு, ஏன் மாற்றினாய் என்று எழுது.

ஒன்பது வருடம். எனக்கு எழுதிப் போட்ட ஒவ்வொரு வரியும் தேதியோடு, காரணத்தோடு, வேலிக் குறிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. ரஹ்மத் வாசித்தாள். நான் கண்ணாடி போடவில்லை என்று சொல்லிவிட்டேன். போட்டுத்தான் இருந்தேன்.

“மீனா பிறந்தநாள். நீங்களே போன் பண்ணுங்க, நான் பண்ணி உங்ககிட்ட குடுக்க மாட்டேன்.” காரணம்: அப்பாவும் மகளும் பேசி ஒரு மாதம் ஆகிறது.

“சொட்டு மருந்து, எட்டு மணி.” அதற்கு மேலே, மெனு நிற்கும் நேரத்தைப் பத்து விநாடியிலிருந்து நாற்பதாக மாற்றியிருக்கிறாள். காரணம்: கண் ஆபரேஷன், வாசிக்க நேரமாகும். மூன்று வாரம் கழித்து, திரும்பப் பத்து. காரணம்: பேப்பரில் வரிவிளம்பரம்வரை வாசிக்கிறார்.

“யு.பி.எஸ்ஸைக் கழத்தாதீங்க. அது உங்க ரேடியோவுக்கு இல்ல.” 2016 நவம்பர். சத்தியமாக மறந்துபோயிருந்தேன். ரஹ்மத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், இந்த வீட்டில் எத்தனையோ நாளைக்கப்புறம்.

“கோவிச்சது போதும். சாப்பிட வாங்க.” 2018. எதற்காகக் கோபித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றைக்குச் சாப்பிட்டது நினைவிருக்கிறது. சொதியும் இஞ்சித் துவையலும். இந்த வரியைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் எழுந்துபோய், பசித்ததால் வந்தவன் மாதிரி உட்கார்ந்தேன். அவளும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி பரிமாறினாள்.

கடைசி வரி வேலிக் குறி இல்லாமல் நின்றது. 2022 ஏப்ரல் 26. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்ப்பதற்கு இரண்டு நாள் முன்னால். மேலே காரணம் இரண்டு வரி.

“இவர் படிக்கிறார். படித்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன், குறைகிறது.

இதற்கு மேல் மாற்ற வேண்டாம். இது எப்போதும் வேண்டும்.”

ரஹ்மத் வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்க் குழாயடியில் முகம் கழுவினாள். நான் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே வசுமதிக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று எனக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் மாத்திரையை எண்ணியிருக்கிறாள்.

அழுதேன். எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் லாக் புக் லாக் புக்தான்.

15.52 ரஹ்மத் பென்டிரைவைப் பிடுங்கினாள். 15.53 சுவிட்ச். 15.54 மெனு வந்தது. மூன்று வரி.

பத்து விநாடி. என் பக்கம் திறந்துகொண்டது.

ஜூலை 23, ஞாயிறு

யு.பி.எஸ்ஸைக் கூடத்திலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். சிவப்பு பல்பை வெறும் பிளக்கில் செருகினேன். படத்தின் முன்னால் நின்று, “கழத்தமாட்டேன் இனிமே” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

ஜூலை 30, ஞாயிறு

பள்ளியில் நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். குழந்தைகளோடு, மாமியார்களோடு. மஞ்சள் சுவரை இடித்துவிட்டார்கள், திரையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு படம் வரும்போதும் ஒரு பக்கத்திலிருந்து கூச்சல் எழும். “ஏ, அது நம்ம மகராசிட்டீ!” “என்னட்டீ இம்புட்டு ஒல்லியா இருந்திருக்க!” கடைசியில் மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். பேசிப் பழக்கமில்லை. “எல்லாப் படத்துலயும் கீழ ஒரு நிழல் இருக்கு. அதான் உங்க டீச்சர்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பிறகு யாரோ முதல் படத்திலிருந்து மறுபடி போடச் சொன்னார்கள். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை. எல்லோரும் கீழே பார்த்தார்கள்.

ஆகஸ்ட் 2, புதன்

06.20 மின்தடை. காற்று.

கூடத்தில் சிவப்பு பல்பு அணைந்தது. போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் முகம் நன்றாகவே தெரிந்தது. இத்தனை நாள் இந்த ஜன்னலை நான் திறந்ததில்லை. மேசையில் யு.பி.எஸ். கீ, கீ என்று கத்திக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. 06.38 மின்சாரம் வந்தது.

மெனுவில் இன்னொரு வரி சேர்க்கலாமா என்று ரஹ்மத்துக்குப் போன் செய்து கேட்டேன். டீச்சர் மாற்ற வேண்டாம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், சேர்க்க வேண்டாம் என்று எழுதவில்லை என்றாள். அவள் போனில் சொல்லச் சொல்ல, பென்டிரைவ் வழியாகக் கூரையில் இறங்கி, அந்தக் கோப்பைத் திறந்து, நானே தட்டச்சு செய்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. தேதி போட்டேன். ஏன் சேர்த்தேன் என்று காரணம் எழுதினேன். அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை.

“என்ன சார் போட்டீங்க?” என்று கேட்டாள். சொன்னேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஒரு சிக்கல். பதிலை எழுதிப் போட்டுவிட்டேன், அது தினமும் வந்து நிற்கும். மாத்திரை போடாமல் சுவிட்சைப் போட்டால் அது பொய் ரிட்டர்ன். லைன் கிளியரில் பொய் ரிட்டர்ன் கொடுப்பவன் ஆளைக் கொல்லுகிறவன். ஆகவே இன்று முதல் மாத்திரை முதலில், சுவிட்ச் பிறகு.

06.40 மாத்திரை, ஒரு தம்ளர் வெந்நீர்.

06.44 சுவிட்ச். மெனு வந்தது. நான்கு வரி. முதல் வரி நான், இரண்டாவது வரி அவள்.

மூன்றாவது: பி.பி. மாத்திரை போட்டாச்சா?

நான்காவது: போட்டாச்சு, வசு.